சுவிட்ச் மாற்றலாம் சரி, ஏசி பாயிண்ட் இழுக்கலாமா?

வந்த கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான். கேரள எல்லையில் வேலந்தாவளம் பக்கம் 1990-களில் அப்பா கட்டிய வீடு, கேஎஸ்இபி (கேரள மின்வாரியம்) இணைப்பு. ஹாலில் ஃபேன் ரெகுலேட்டர் போய்விட்டது. இரண்டு சுவிட்ச் லூஸ். சமையலறை பிளக் பாயிண்ட்டின் ஓரம் கருகியிருக்கிறது. இதோடு படுக்கையறைக்கு ஏசி பாயிண்ட்டும், இண்டக்‌ஷன் அடுப்புக்குத் தனி பாயிண்ட்டும் வேண்டும். வயர்மேன் "நாளைக்கு வரேன்" என்று சொல்லிச் சொல்லியே நாள் போகிறது. வீடியோவில் பார்த்தால் சுலபமாகத்தான் தெரிகிறது, நானே செய்துவிடலாமா?

ரெகுலேட்டரும் லூஸ் சுவிட்சும் நீங்களே மாற்றலாம். ஏசி பாயிண்ட்டும் இண்டக்‌ஷன் பாயிண்ட்டும் வேண்டாம், ஆள் வைத்துச் செய்யுங்கள். அந்தக் கருகல் இருக்கிறதே, காரணம் தெரியும் வரை அதில் புது பிளக் மாட்டாதீர்கள். ஐந்து வேலைகளையும் ஒரே பட்டியலாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் அவை ஒரே ரகம் இல்லை. கொழிஞ்சாம்பாறையைச் சுற்றியும் எல்லைக்கு அந்தப் பக்கம் பொள்ளாச்சி வரையிலும் வயரிங் வேலை பார்க்கிறவன் நான். பிழைப்புக்காக எல்லாவற்றுக்கும் ஆளைக் கூப்பிடு என்று சொல்லப்போவதில்லை. ஒரு சுவிட்சுக்காக வந்து போனால் எனக்கும் பெட்ரோல் காசுதான் மிஞ்சும்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த விஷயத்தில் சட்டம் ஆச்சரியப்படும் அளவுக்கு நடைமுறை அறிவோடு எழுதப்பட்டிருக்கிறது. 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 45-ஆவது விதி. வீட்டு வயரிங்கில் புதிதாகச் சேர்ப்பது, மாற்றுவது, பழுது பார்ப்பது எல்லாம் லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டர் மூலம், தகுதிச் சான்று உள்ளவர் மேற்பார்வையில், பெர்மிட் உள்ள ஆள் கையால் நடக்க வேண்டும் என்று அந்த விதி சொல்லிவிட்டு, ஒரு விலக்கும் தருகிறது. விளக்கு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச், வீட்டு உபயோகச் சாமான் இவற்றைக் கழற்றி வேறு மாட்டலாம். அதனால் அந்த வயரிங்கின் திறனோ தன்மையோ எந்த வகையிலும் மாறக்கூடாது, அவ்வளவுதான். 2003 மின்சாரச் சட்டம் வந்து, அதன் கீழ் மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகள் 2010-இல் வந்து, 2023-இல் மறுபடி புதுப்பிக்கப்பட்டபோதும் இந்த ஏற்பாடு தொடர்கிறது. நாடு முழுமைக்கும் பொது என்பதால் வாளையார் எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குப் போனாலும் இதுவே விதி.

உங்கள் ரெகுலேட்டரும் சுவிட்சும் அந்த விலக்குக்குள் அடங்கும். பழைய வயரிங்கில் ஏசியைக் கோர்ப்பது அடங்காது, அது திறனை மாற்றுகிற வேலை.

ஆனால் சட்டத்தைப் பார்த்து யாரும் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைப்பதில்லை. அதனால் என்னுடைய கணக்கு ஒன்றையும் சொல்கிறேன். செய்த வேலையில் தப்பு இருந்தால் அது எப்போது தெரியும்? ரெகுலேட்டரைத் தப்பாக மாட்டினால் ஃபேன் சுற்றாது. அங்கேயே தெரிந்துவிடும், கழற்றித் திரும்ப மாட்டலாம். ஏசி பாயிண்ட்டில் வயர் சின்னதாகப் போய்விட்டது, எர்த் எங்கும் போய்ச் சேரவில்லை, சுவருக்குள் ஒரு ஜாயின்ட் சரியாக முறுக்கவில்லை என்றால் என்ன நடக்கும்? ஏசி ஜம்மென்று ஓடும். சில்லென்று காற்று வரும். வீட்டில் பாராட்டும் கிடைக்கும். தப்பு வெளியே வருவதற்கு ஒன்றிரண்டு சித்திரை ஆகலாம், வரும்போது புகையாகவோ ஷாக்காகவோ வரும். கரண்ட் வேலையில் 'எரிகிறது, ஓடுகிறது' என்பது சரியாகச் செய்ததற்கு அத்தாட்சி இல்லை. முடித்த வேலை சரிதானா என்று சோதித்துச் சொல்லக் கருவியும் தெளிவும் இருந்தால் செய்யலாம். இல்லாவிட்டால் கை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் வேண்டாம். வயர் முனையைச் சீவி ஸ்குரூவில் முறுக்க யாருக்கும் ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொடுத்துவிடலாம். வயர்மேனுக்குக் காசு கொடுப்பது அதற்காக இல்லை.

இனி நீங்களே செய்யும் வேலைக்கு வருவோம். இதில் ஆபத்து வேலையில் இல்லை, 'மெயினை அணைத்துவிட்டேன்' என்ற நம்பிக்கையில்தான் இருக்கிறது.

நம் பக்கத்து வீடுகளில் இன்வெர்ட்டர் இல்லாத வீடு குறைவு. மெயினை அணைத்த அடுத்த நொடி 'டக்' என்று இன்வெர்ட்டர் எழுந்துகொள்ளும். நீங்கள் கழற்றப் போகிற அதே ஃபேன் சுவிட்சுக்கு அது 230 வோல்ட் கொடுத்துக்கொண்டிருக்கும். சரி, இன்வெர்ட்டரின் முன்பக்கப் பட்டனை மட்டும் அணைத்தால்? மெயின் இருக்கிற வரை கரண்ட் அதன் பைபாஸ் வழியாகப் போய்க்கொண்டே இருக்கும். ஆகவே இரண்டையும் சேர்த்து அணைக்க வேண்டும்: மெயின் ஆஃப், இன்வெர்ட்டர் ஆஃப், அதன் பிளக்கும் சுவரிலிருந்து வெளியே. கூரையில் சோலார் இருந்தால், பேனலிலிருந்து இன்வெர்ட்டர் வரைக்கும் வருகிற டிசி வயரை எந்த மெயின் சுவிட்சும் அணைக்காது, வெயில் இருக்கிற வரை அதில் கரண்ட் இருக்கும். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

அடுத்தது டெஸ்டர். சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் டெஸ்டரை நம்பி உயிரை வைப்பது எனக்கு ஒப்பாத விஷயம். உள்ளே இருக்கிற நியான் பல்பு போயிருந்தால் கரண்ட் உள்ள வயரிலும் எரியாது. நல்ல வெளிச்சத்தில் லேசாக எரிவது கண்ணுக்குத் தெரியாது. டெஸ்டரில் பார்த்தே ஆக வேண்டும் என்றால், கரண்ட் இருப்பது நிச்சயமாகத் தெரிந்த ஒரு பிளக்கில் முதலில் எரிகிறதா என்று பாருங்கள், பிறகு வேலை செய்யும் இடத்தில் பாருங்கள், மறுபடி அந்த முதல் பிளக்கில் பாருங்கள். மெயினை அணைத்த பின் கரண்ட் உள்ள பிளக்குக்கு எங்கே போவது என்றால், அதற்குத்தான் ஒரு மல்டிமீட்டர். கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அதில் பேஸுக்கும் (கரண்ட் வரும் வயர்) நியூட்ரலுக்கும் (கரண்ட் திரும்பும் வயர்) இடையே, பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே இரண்டும் பாருங்கள். மெயின் இருக்கும்போது அதே போர்டில் ஒரு தடவை 230 காட்டி, அணைத்த பின் சுழியம் காட்டினால்தான் கை வைக்கலாம்.

ஏன் இவ்வளவு கறார் என்றால் பழைய போர்டுகளைத் திறந்து பார்த்தால் புரியும். 90-களின் வீட்டில் ஷீட்டின் நாலு ஸ்குரூவைக் கழற்றி மெல்ல முன்னால் இழுத்தால், முதலில் கொட்டுவது எறும்புப் புற்று மண். பின்னால் மரப்பெட்டி. அதற்குள் சிவப்பு வயர் நாலு, கறுப்பு இரண்டு, எப்போதோ ஃபேன் போட்டபோது மிச்சமிருந்த மஞ்சளில் இழுத்த ஒன்று. சிவப்பு பேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த் என்பது ஒழுங்கு. ஆனால் அன்றைக்குக் கையில் எந்தச் சுருள் இருந்ததோ அதில் இழுத்துவிட்டுப் போன வீடுகளே இங்கே அதிகம். சில போர்டில் சுவிட்ச் நியூட்ரலில் இருக்கும். சுவிட்சை அணைத்தால் விளக்கு அணையும், ஹோல்டரில் பேஸ் அப்படியே நிற்கும். அணைத்த பின்னும் எல்இடி பல்பு லேசாக மினுங்குகிறது என்று சிலர் கேட்பார்கள். இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். பல்பு மாற்றும்போதுகூட மெயினை அணை என்று பெரியவர்கள் சொன்னது சும்மா இல்லை.

ஷீட்டை இழுத்ததும் முதலில் ஃபோனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பின் ஒரு நேரத்தில் ஒரு வயர் மட்டும்; கழற்றி, புதுச் சுவிட்சின் அதே இடத்தில் மாட்டி, அடுத்ததற்குப் போங்கள். ஒரு சுவிட்சின் ஸ்குரூவில் இரண்டு வயர் சேர்ந்து வந்தால் அது லூப், அங்கிருந்துதான் அடுத்த சுவிட்சுக்குப் பேஸ் போகிறது. அதைத் தனியாக விட்டால் பாதி போர்டு செத்துவிடும். செம்பு இழைகளை நன்றாக முறுக்கி, ஒரு இழைகூட வெளியே நீட்டாமல் உள்ளே விட்டு இறுக்குங்கள். இறுக்கிய பின் வயரைப் பிடித்து ஒரு இழு இழுத்துப் பாருங்கள், அதில் கையோடு வந்தால் பிறகு வருவதற்கு இப்போதே வந்தது நல்லது. தோலுக்கு உள்ளே கம்பி வெள்ளையாக இருந்தால் அது அலுமினியம், அந்தக் காலத்தில் நிறையப் போட்டார்கள். இரண்டு முறை வளைத்தால் ஒடிந்துவிடும். அலுமினிய வயர் உள்ள போர்டை மூடி வைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

ஃபேன் ரெகுலேட்டருக்கு வருவது இரண்டே வயர், பேஸ் உள்ளே, பேஸ் வெளியே. நியூட்ரல் அங்கே வராது. ஃபேன் சுற்றுகிறது ஆனால் வேகம் இல்லை என்றால் ரெகுலேட்டரைக் குறை சொல்வதற்கு முன் கெபாசிட்டரைப் பாருங்கள், சீலிங் ஃபேனுக்குப் பெரும்பாலும் 2.5 மைக்ரோ ஃபாரட், பழையதில் என்ன எழுதியிருக்கிறதோ அதே அளவு வாங்க வேண்டும். புதிதாக பிஎல்டிசி ஃபேன் (கரண்ட் குறைவாக எடுக்கும் புது ரகம்) வாங்கியிருந்தால் அதற்குப் பழைய ரெகுலேட்டர் ஆகவே ஆகாது, அதைக் கழற்றிவிட்டு நேராகச் சுவிட்சோடு இணைக்க வேண்டும். மேலே ஏற அலுமினிய ஏணி வேண்டாம். மழை நாளில், ஈரக் காலோடு, வீட்டில் ஆள் இல்லாதபோது வேண்டாம். இவ்வளவுதான், இதைச் செய்ய யாருக்கும் ஐடிஐ சான்றிதழ் தேவையில்லை.

இப்போது கருகிய பிளக். அங்கே என்ன மாட்டியிருந்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் யூகிக்க முடிகிறது. சிறிய 6 ஆம்பியர் பிளக்கில் ஒரு கன்வெர்ட்டர் செருகி, அதில் பெரிய 16 ஆம்பியர் பின் உள்ள எதையோ ஓட்டியிருப்பீர்கள். இண்டக்‌ஷன் அடுப்பாகக்கூட இருக்கலாம். 2000 வாட் அடுப்பு 8.7 ஆம்பியர் இழுக்கும். பிளக்குக்குள் பின்னைப் பிடிக்கிற பித்தளை நாக்கு தளர்ந்து, அல்லது ஸ்குரூ லூஸாகி, அந்த இடத்தில் அரை ஓம் தடை வந்துவிட்டது என்று வையுங்கள். 8.7-ஐ 8.7-ஆல் பெருக்கி அரையால் பெருக்கினால் 38 வாட். ரேடியோ ரிப்பேர்க் கடையில் ஈயம் உருக்குகிற சாலிடரிங் அயர்ன் இருக்கிறதே, அதன் சூடு அவ்வளவுதான். அதை எடுத்துச் சுவருக்குள் வைத்து அரை மணி நேரம் அரிசி வேக வைத்தால் பிளாஸ்டிக் கருகாமல் என்ன செய்யும்? இந்தக் கருகலுக்கு 10 ஆம்பியர் எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானாக விழும் சுவிட்ச்) விழாது, ஏனென்றால் கரண்ட் கூடவே இல்லை, 8.7 ஆம்பியர்தான் போகிறது. கசிவுக்கு விழுகிற ஆர்சிசிபியும் விழாது, கசிவும் இல்லை. உங்களை எச்சரிக்க அந்தக் கறுப்பும் அந்த மீன் வாடை மாதிரியான நெடியும் மட்டும்தான்.

புதுப் பிளக் வாங்கி மாட்டினால் கறை மறையும். ஆனால் அந்தச் சூட்டில் பின்னால் இருக்கிற வயரின் தோல் இறுகி முறுமுறுப்பாகியிருக்கும், செம்பு கறுத்திருக்கும். கறுத்த செம்பில் புது ஸ்குரூவை இறுக்கினாலும் பிடிப்பு வராது. நல்ல செம்பு வரும் வரை வெட்டிவிட்டுத்தான் மாட்ட வேண்டும், பழைய வீட்டில் அப்படி வெட்ட வயரில் நீளம் இருக்காது. ஷீட்டைத் திறந்து பாருங்கள், தோல் மிருதுவாக இருந்து, கருகல் பிளக்கோடு நின்றிருந்தால் அதே அளவு நல்ல பிளக் மாட்டலாம், அதில் இனி மிக்சி, கிரைண்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வயரைத் தொட்டால் தோல் உடைந்து விழுகிறது என்றால் அந்தப் போர்டின் எம்சிபியை ஆஃபில் வைத்துவிட்டு வயர்மேனுக்கு ஃபோன் செய்யுங்கள், இந்தத் தடவை "கருகி வாசம் வருது" என்று சொல்லுங்கள். "பாயிண்ட் போடணும்" என்பதற்கு வராதவர் இதற்கு வருவார்.

ஏசி பாயிண்ட்டுக்கு வருவோம். ஒன்றரை டன் ஏசி ஓடும்போது சுமார் 7, 8 ஆம்பியர் எடுக்கும். இவ்வளவுதானா, இண்டக்‌ஷன் அளவுதானே என்று தோன்றும். வித்தியாசம் நேரத்தில் இருக்கிறது. அடுப்பு அரை மணி ஓடி நிற்கும். பங்குனிச் சூட்டில் ஏசி ராத்திரி முழுக்க ஓடும், வயருக்கு ஆறவே நேரம் கிடையாது. 90-களின் வீட்டில் படுக்கையறைப் போர்டுக்கு அனேகமாக 1/18 அல்லது 3/20 வயர்தான் போயிருக்கும், இன்றைய கணக்கில் முதலாவது ஒன்றேகால் சதுர மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, இரண்டாவது இரண்டு. அதுவும் ஹாலிலிருந்து லூப் ஆகி வருவது. அதில் ஏசியைக் கோர்த்தால் வழியில் இருக்கிற ஒவ்வொரு பழைய ஜாயின்டும் அந்த 8 ஆம்பியரைச் சுமக்க வேண்டும். ஆகவே ஏசிக்கு டிபியிலிருந்து (எம்சிபிகள் இருக்கிற பெட்டி) தனி லைன்: 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், தனி எர்த் வயர், 20 ஆம்பியர் எம்சிபி. இண்டக்‌ஷனுக்கும் தனி லைன், இரண்டரை சதுர மில்லிமீட்டர் வயர், 16 ஆம்பியர் எம்சிபி, 16 ஆம்பியர் பிளக். இது வழக்கமான அளவு. தூரத்தைப் பார்த்து வருகிறவர் மாற்றிச் சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

இந்த இடத்தில் ஒரு சின்னக் கோபத்தைக் கொட்டிவிடுகிறேன். எம்சிபி அடிக்கடி விழுகிறது என்று 10 ஆம்பியரை எடுத்துவிட்டு 32 போட்டு 'சரியாயிடுச்சு' என்பவர்கள் இரண்டு மாநிலத்திலும் இருக்கிறார்கள், அதில் பாதிப் பேர் கையில் டூல் பேக் வேறு. எம்சிபி இருப்பது வயரைக் காப்பாற்ற. சின்ன வயருக்குப் பெரிய எம்சிபி போட்டால் இனி அந்த லைனில் ஃபியூஸ் வேலையைச் செய்யப்போவது சுவருக்குள் இருக்கிற வயர்தான். முன்னாளில் ஃபியூஸ் கட்டையில் கம்பி போனால் தடித்த செம்புக் கம்பியை மடித்துச் சுற்றுவார்கள், அதே ஆட்டம்தான், பெட்டி மட்டும் புதுசு.

சரி, வயர் அளவு தெரிந்துவிட்டது, எம்சிபி தெரிந்துவிட்டது, பைப் பதித்து இழுத்துவிடலாமே என்றால், நான் ஏன் தடுக்கிறேன் என்பதற்கு எர்த்தைத்தான் காட்ட வேண்டும். மூன்று ஓட்டை உள்ள பிளக் இருப்பதால் எர்த் இருக்கிறது என்று அர்த்தமில்லை. மேல் ஓட்டைக்குப் பின்னால் பச்சை வயர் இருந்தாலும் அது மண்ணுக்குப் போய்ச் சேருகிறதா என்பது வேறு கேள்வி.

கணக்குப் போடுவோம். வீட்டுக்கு வெளியே புதைத்த எர்த் பைப்பின் தடை 10 ஓம் என்றால், ஃபிரிட்ஜின் பாடியில் பேஸ் பட்டால் 23 ஆம்பியர் மண்ணுக்குப் போகும். 16 ஆம்பியர் எம்சிபி அதற்கு உடனே விழாது, நிமிடக்கணக்கில் யோசிக்கும். அதே பைப் சித்திரையில் காய்ந்து 50 ஓம் ஆகிவிட்டால் போவது 4.6 ஆம்பியர்தான். எம்சிபி அசையாது. ஃபிரிட்ஜ் பாடியில் ஏறக்குறைய முழு வோல்டேஜும் நின்றுகொண்டிருக்கும், யாராவது வெறுங்காலோடு கதவைத் திறக்கும் வரை. எருத்தேன்பதி, வடகரப்பதி பக்கமெல்லாம் மழை மறைவு, பாலக்காட்டின் மற்ற பகுதிக்குப் பெய்வதில் பாதிகூட இங்கே விழாத வருடங்கள் உண்டு. கரிசல் மண் ஈரத்தோடு இருக்கும்போது எர்த்துக்கு நல்ல மண்தான். காய்ந்து வெடித்தால் பைப்பைச் சுற்றியே இடைவெளி விழுந்துவிடும். கரியும் உப்பும் போட்டுப் புதைத்து, மேலே தண்ணீர் ஊற்றப் புனல் வைத்திருப்பார்களே, அதில் கோடையில் வாரம் இரண்டு குடம் ஊற்றுவது நீங்களே செய்ய வேண்டிய மின் வேலைகளில் முக்கியமானது. பல வீட்டில் அதன் மேல் டைல்ஸ் ஒட்டியாயிற்று.

ஆகவே எர்த்தோடு ஆர்சிசிபியும் கட்டாயம் வேண்டும், ஊரில் ஈஎல்சிபி என்றே சொல்கிறோம். வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் ரகம். போன கரண்டும் திரும்பி வந்த கரண்டும் அவ்வளவு வித்தியாசப்பட்டால் அது லைனை அறுத்துவிடும். உங்கள் வீட்டிலேயே சின்னதான 6 ஆம்பியர் எம்சிபி விழ வேண்டுமானால்கூட அதைப்போல் 200 மடங்குக்கு மேல் வேண்டும். எம்சிபி மனிதனுக்காகச் செய்த சாமான் இல்லை. ஆர்சிசிபியில் 'டி' என்று ஒரு பட்டன் இருக்கும், மாதம் ஒரு தடவை அழுத்துங்கள், டப்பென்று விழ வேண்டும். விழாவிட்டால் மாற்ற வேண்டும். ஆனால் அந்தப் பட்டன் அழுத்தி விழுந்தால் ஆர்சிசிபி நன்றாக இருக்கிறது என்றுதான் அர்த்தம். எர்த் நன்றாக இருக்கிறது என்று அது சொல்லவில்லை.

நான் பார்த்ததிலேயே மோசமான தில்லுமுல்லு, எர்த் வயர் இல்லாத இடத்தில் பிளக்குக்குள்ளேயே நியூட்ரலிலிருந்து மேல் ஓட்டைக்கு ஒரு துண்டு வயர் கோர்த்துவிடுவது. மீட்டரை வைத்துப் பார்த்தால் பேஸுக்கும் எர்த்துக்கும் 230 காட்டும், அழகாகத் தேறிவிடும். என்றைக்காவது வழியில் நியூட்ரல் கழன்றால், வாஷிங் மெஷினின் தகரம் முழுவதும் பேஸ். வீடியோ பார்த்து வேலை செய்பவர் இதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. வேலை தெரிந்த ஆள் 500 வோல்ட் மெகர் என்கிற இன்சுலேஷன் சோதிக்கும் கருவியை வைத்து வயரின் இன்சுலேஷன் ஒரு மெகா ஓமுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார்ப்பார், எர்த்தின் தடையை அளப்பார், நியூட்ரலும் எர்த்தும் எங்கேயும் சேரவில்லை என்று பிரித்துச் சோதிப்பார். நீங்கள் கொடுக்கிற காசு இதற்குத்தான். இதைச் செய்யாத வயர்மேனுக்கும் உங்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பதையும் மறைக்கப்போவதில்லை.

ஆகவே ஆளைத் தேடும்போது "பாயிண்ட்டுக்கு எவ்வளவு?" என்று ஆரம்பிக்காதீர்கள். "மெகர் இருக்கா, முடிச்சதும் எர்த் பார்த்துக் காட்டுவீங்களா?" என்று கேளுங்கள். சிரித்தால் அடுத்த ஆளைப் பாருங்கள். நல்ல ஆள் வந்ததும் சுவரைப் பார்க்க மாட்டார், நேரே மீட்டர் பெட்டிக்கும் டிபிக்கும் போவார், மொத்தம் என்னென்ன ஓடுகிறது என்று கேட்பார், எர்த் எங்கே புதைத்திருக்கிறது என்று கேட்பார்.

எல்லைக்காரர்களுக்கு இன்னொரு சிக்கல். பொள்ளாச்சி, கோவையிலிருந்து ஆள் கூப்பிட்டால் கூலி கொஞ்சம் குறையும், பாஷையும் சௌகரியம். அதில் பல கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். ஆனால் வயர்மேன் பெர்மிட்டும் கான்ட்ராக்டர் லைசென்சும் அந்தந்த மாநில லைசென்சிங் போர்டு கொடுப்பது. ஏசி, இண்டக்‌ஷன் எல்லாம் சேர்ந்து வீட்டின் லோடு ஏறினால் கேஎஸ்இபி செக்‌ஷன் ஆபீசில் தெரிவிக்க வேண்டும், அளவு மீறினால் சிங்கிள் பேஸிலிருந்து த்ரீ பேஸுக்கு மாற வேண்டி வரலாம். அப்போது கேட்கிற கம்ப்ளீஷன் ரிப்போர்ட்டில் கேரளத்து லைசென்ஸ் உள்ளவர் கையெழுத்து வேண்டும். வேலை முடிந்த பிறகு கையெழுத்துக்கு ஆள் தேடினால், 'நான் பார்க்காத வயரிங்குக்கு நான் எப்படி?' என்பார் ஒழுங்கானவர். போட்டுக் கொடுத்துவிடுகிறவரின் கையெழுத்துக்கு மதிப்பில்லை. முதலிலேயே பேசிவிடுங்கள்.

காசை மிச்சப்படுத்த நல்ல வழி ஒன்று இருக்கிறது. வயர்மேன் வந்து வழியைக் குறித்துக் கொடுக்கட்டும். சுவர் கொத்துவது, பைப் பதிப்பது, பெட்டி வைப்பது, பூசுவது எல்லாம் நீங்களும் ஒரு கொத்தனாருமாக முடித்துவிடலாம், நேரம் தின்கிற வேலை அதுதான். கொத்துவதற்கு முன் அந்தச் சுவரில் ஏற்கெனவே லைன் போகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். போர்டுக்கு நேர் மேலும் கீழும் கட்டர் வைக்க வேண்டாம். வயரை ஐஎஸ்ஐ முத்திரை பார்த்து நீங்களே வாங்கி வையுங்கள். பிறகு அவர் வந்து வயர் இழுத்து, இணைத்து, சோதித்துத் தந்தால் போதும். ஒரு சுவிட்சுக்கு வராதவர் ஒரு நாள் வேலையாகச் சேர்ந்திருந்தால் வருவார். அந்தச் சாக்கில், ஃபியூஸ் கட்டை இன்னும் இருந்தால் டிபியை எம்சிபிக்கும் ஆர்சிசிபிக்கும் மாற்றிவிடுங்கள். ஏசியைவிட அதுதான் முதல் செலவாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து, வீட்டில் சண்டை வந்தாலும் சரி.

கேட்காத சிலவற்றையும் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மீட்டருக்கு முன்னால் இருக்கிற ஃபியூசும், போஸ்ட்டிலிருந்து வரும் சர்வீஸ் வயரும் மின்வாரியத்துடையது, கை வைக்கக் கூடாது. 1912-க்கு அழைத்தால் இரண்டு மாநிலத்திலும் எடுப்பார்கள். கிணற்று மோட்டார், போர் மோட்டார் ஸ்டார்ட்டர் எல்லாம் ஈரமும் த்ரீ பேஸும் சேர்ந்த இடம், எவ்வளவு சின்ன வேலை என்றாலும் வேண்டாம். காட்டுப்பன்றிக்கென்று வீட்டு லைனிலிருந்து கம்பி இழுப்பதை யார் சொன்னாலும் செய்யாதீர்கள், இந்தப் பாலக்காடு மாவட்டத்திலேயே அதில் மனிதர்கள் செத்திருக்கிறார்கள், அது கிரிமினல் கேஸ். துலாவர்ஷத்து (ஐப்பசி மழை) மத்தியானங்களிலும் சித்திரை வைகாசி கோடை மழையிலும் இடி வரும்போது டிவி, ஏசி, மோடம் பிளக்குகளைச் சுவரிலிருந்தே எடுத்துவிடுங்கள். சுவிட்சின் சின்ன இடைவெளியை மின்னல் ஒரு பொருட்டாக மதிக்காது, எம்சிபியும் ஆர்சிசிபியும் அதற்கு ஆனவை அல்ல. யாருக்காவது ஷாக் அடித்து ஒட்டிக்கொண்டிருந்தால் பிடித்து இழுக்க ஓடாமல் மெயினை அணைக்க ஓடுங்கள், பின் 108.

ஆர்சிசிபி அடிக்கடி விழுந்தால் அதை விட்டுவிட்டு நேராக லைன் கொடுக்கச் சொல்லாதீர்கள். எல்லாப் பிளக்கையும் சுவரிலிருந்து எடுத்துவிட்டு ஆர்சிசிபியைத் தூக்குங்கள், நின்றால் ஒவ்வொன்றாகச் செருகுங்கள், எதில் விழுகிறதோ அந்தச் சாமான்தான் கசிகிறது. பழைய கீசரோ அயர்ன் பாக்ஸோ அனேகமாக மாட்டும். எல்லாம் எடுத்தும் நிற்கவில்லை என்றால் கசிவு அனேகமாக வயரிங்கில், அது மெகர் வேலை.

புது லைன் வரும் வரை இண்டக்‌ஷனை வாஷிங் மெஷின் ஓடுகிற 16 ஆம்பியர் பிளக்கில் வைத்துக்கொள்ளுங்கள், கன்வெர்ட்டர் இல்லாமல், ஒரு நேரத்தில் ஒன்று மட்டும். அரை மணி ஓடியதும் சுவிட்சை அணைத்துவிட்டுப் பிளக் டாப்பின் மேல் விரலை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பு என்றால் பரவாயில்லை. விரலை வைத்திருக்க முடியவில்லை என்றால் அன்றைக்குக் கேஸ் அடுப்பில் சமையுங்கள், அந்தப் பிளக்கையும் வயர்மேனுக்குக் காட்ட வேண்டிய பட்டியலில் எழுதிக்கொள்ளுங்கள்.